இரண்டாவது வளைவில் விழப்போகிறவனுக்கு

லூர்து,

போன ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது என்னிடம் இரண்டு காரியம் கேட்டாய். "பள்ளிக்கூடத்துல அடங்காப் பிள்ளைங்களையே உட்கார வைக்கிறியேம்மா, எங்க மைதானத்துக்கு ஆள் வர்றதுக்கு ஒரு வழி சொல்லேன்" என்றது ஒன்று. வருகிற ஞாயிறு காலைப் பூசையை உனக்காக ஒப்புக்கொடுக்கச் சொல்லி, அதைப் பங்குச் சாமியார் பிரசங்கம் முடிந்ததும் சத்தமாக வாசிக்க ஏற்பாடு செய்யச் சொன்னது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், துண்டில் கையைத் துடைத்தபடி, மூன்றாவதாக ஒன்றையும் சொல்லி வைத்தாய். அந்த ஞாயிறு கடைசி ஓட்டத்தில், இரண்டாவது வளைவில், வேண்டுமென்றே விழப்போகிறாய் என்று. நான் ரசச் சட்டியைக் கையில் வைத்திருந்தேன். அதை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நீ சிரித்தாய், என் தாடையைப் பிடித்து ஆட்டினாய், போய்விட்டாய். நேரில் பேசினால் உன்னிடம் இதுதான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வண்டிக் கொட்டகையில் உன்னோடு இருக்கிற மற்றப் பையன்களுக்கும் படித்துக் காட்டு, அவர்களுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

நீ பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா எல்லைப் பக்கம் மோட்டார் சைக்கிளில் தபால் சுமந்த வருஷங்களில் நான் பட்ட பயம் எனக்கும் மாதாவுக்கும்தான் தெரியும். ஆனால் அப்போது உன்னை யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கவில்லை. யுத்தம் முடிந்து, கை கால் எல்லாம் சரியாக இருக்க, நீ வந்து இறங்கினாய். மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். நீதான் தூங்கவில்லை. யாரோடும் பேசவில்லை. உங்கப்பா தன் துறைமுக ஆபீசிலேயே உனக்கு ஒரு குமாஸ்தா வேலை பிடித்துக் கொடுத்தார், அங்கே போய் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தாய். பிறகுதான் பட்டாளம் ஏலம் விட்ட அந்தப் பழைய வண்டியை வாங்கினாய். அடையாறு பாலம் தாண்டி ஒரு வெற்று மைதானத்தில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நிலக்கரிச் சாம்பலைப் பரப்பி, வட்டமாகத் தடம் போட்டு ரேஸ் விட்டுக்கொண்டிருந்தார்கள். நீயும் போய்ச் சேர்ந்துகொண்டாய். அந்த வண்டிமேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நீ யுத்தத்திலிருந்து வீட்டுக்கு வந்தாய் என்று நான் சொன்னால் அது பொய்யில்லை. "விட்டுத் தொலை" என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராததற்குக் காரணம் அதுதான்.

அந்தச் சிப்பாய்கள் இருந்தவரைக்கும் பெஞ்சுகள் நிறைந்து வழிந்தன. விசில் அடித்தார்கள், தொப்பியை வீசினார்கள், பாட்டிலையும் வீசினார்கள். அவர்கள் கப்பலேறிப் போனதும் மைதானம் காலி. நம் ஜனங்கள் ஒருதரம் வேடிக்கை பார்க்க வந்தார்கள், மறுதரம் வரவில்லை. மைதானத்துக்குச் சொந்தக்காரர், மழைக்காலத்துக்குள் கூட்டம் சேராவிட்டால் கல் நட்டு மனை பிரித்து விற்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டாராம். இதை நீ என்னிடம் சொன்னபோது உன் முகம் மறுபடியும் அந்த ஜன்னல் பார்த்த முகமாக ஆகிவிட்டது. அதைப் பார்த்த பிறகு நான் சும்மா இருப்பேனா? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருக்க, நான் நாற்காலியில் உட்கார்ந்து மோட்டார் சைக்கிளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியை ஏன் டீச்சர் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

யோசித்ததை எழுதுகிறேன். முதலில் அந்த ஒலிபெருக்கி. சிப்பாய்கள் போய் இத்தனை நாளாகியும் அதில் இன்னும் இங்கிலீஷ்தான் பேசுகிறீர்கள், யாருக்காகப் பேசுகிறீர்கள்? உன் மெக்கானிக் கன்னியப்பனிடம் அதைக் கொடு. சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன், அவன் வாயைத் திறந்தால் பெஞ்சில் இருக்கிறவன் எழுந்து போகமாட்டான். அடுத்தது உங்கள் உடுப்பு. எல்லாரும் கறுப்புத் தோல் உடுப்பு, மூஞ்சியெல்லாம் கரி. எவன் எவனென்று பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு நிறத்தில் மேலே பனியன் போட்டு, மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு, சாந்தோம் என்று பேட்டைப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற திருநெல்வேலி அண்ணாச்சியின் மகள் என்னிடம் படித்தவள், அதனால் அவரிடமே போய்க் கேட்டேன். "துணி நான் தாரேன் டீச்சரம்மா, அதுக்கென்ன? ஆனா மாம்பலம்லா ஜெயிக்கணும், பாத்துக்கிடுங்க" என்றார். அந்த மனுஷன் அதுவரை ஒரு ரேஸைக்கூடப் பார்த்ததில்லை. பெயரைச் சொன்னதுமே பக்கம் சேர்ந்துவிட்டார், பார்த்தாயா?

பெஞ்சுகளை ஏன் மேற்கு பார்த்துப் போட்டீர்கள்? சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது. எதிர்ப்பக்கம் மாற்றிப் போட்டு, மேலே ஒரு கீற்றுப் பந்தல் போடுங்கள், பெண்பிள்ளைகள் வருவார்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் தடத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெள்ளை வேட்டியோடு வருகிறவர் கரிமூட்டைக் கடைக்காரர் மாதிரி வீடு திரும்பினால், மறுவாரம் அவர் சம்சாரம் அவரை அனுப்புவாளா? சின்னப் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் வண்டிகளில் ஊற்றுகிற விளக்கெண்ணெய் எரிகிற வாசனை வந்ததும் பாதிப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுகின்றன, யாரோ பேதிக்குக் கொடுக்க வருகிறார்கள் என்று. இதற்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை, கோலி சோடா கொடுத்துப் பார்.

இதெல்லாம் ஓரளவுக்குத்தான். நான் உண்மையாக நம்பியது வேறு. உங்கள் விளையாட்டில் எதைப் பார்க்கவேண்டும் என்று நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கே தெரியாதே! வெகுநாள் வரைக்கும், வளைவில் வண்டியின் பின்சக்கரம் வழுக்கும்போதெல்லாம் நீ தவறி வழுக்குகிறாய் என்று நினைத்து ஒவ்வொரு வளைவுக்கும் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் கொட்டகையில் கன்னியப்பனிடம், "ஏம்ப்பா, வளைவுல கொஞ்சம் பிரேக் பிடிக்கச் சொல்லக்கூடாதா அவனை?" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "பிரேக்காமா? இதுல ஏது பிரேக்கு? முன்னால போறவன் பிரேக் போட்டான்னு வெச்சிக்கோ, பின்னால வர்றவன் அவன் மேலயே ஏறிக்கினு பூடுவான். பிரேக் இல்லாததுதாம்மா சேப்டி" என்றான். நான் அங்கே இருந்த டயர்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவன்தான் பொறுமையாகச் சொன்னான். பின்சக்கரத்தை வேண்டுமென்றேதான் வழுக்கவிடுகிறீர்கள். முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து, இரும்பு லாடம் அடித்த பூட்ஸ் போட்ட இடது காலைத் தரையில் தேய்த்தபடி, அந்த வழுக்கலிலேயே வளைகிறீர்கள். அதற்கப்புறம் நான் பார்த்த ரேஸ் வேறு ரேஸ். நீ வளைவில் வண்டியைச் சாய்க்கிற அழகைப் பார்த்து, இவன் என் பிள்ளையா என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் நான் உன் ரேஸுக்காக முதல் பூசையை வைத்தேன். நம் குடும்பத்தில் வழக்கம்தானே, பரீட்சையென்றாலும் பிரசவமென்றாலும் ஒரு பூசை. பிரேக் இல்லாத வண்டி என்று தெரிந்த பிறகு வைக்காமல் எப்படி இருப்பேன்? கோயிலில் யாருக்காக, எதற்காக என்று பூசைக் கருத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிறு காலை பிரசங்கம் முடிந்து சாமியார் வாசித்தார்: "இன்று சாயங்காலம் அடையாற்று மைதானத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடப்போகிற நம் பங்குப் பிள்ளை லூர்துவுக்கு உயிருக்கு ஆபத்து ஒன்றும் நேராதபடி இந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது. எல்லாரும் ஆளுக்கு ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்." கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். சாயங்காலம் மைதானத்துக்கு வந்தால், நம் கோயில் பங்கு ஜனம் முழுவதும் அங்கே! ஞாயிற்றுக்கிழமைப் பட்டுப்புடவையோடு, தூக்குச்சட்டியில் பலகாரத்தோடு. நீங்கள் சுவரெல்லாம் ஒட்டிய நோட்டீசுகள் சேர்க்காத கூட்டத்தை அந்த ஒரு வேண்டுதல் சேர்த்துவிட்டது. உயிருக்கு ஆபத்து என்று சாமியாரே சொன்ன பிறகு யார் வீட்டில் இருப்பார்கள்?

எனக்கு அப்போது சந்தோஷம்தான், மறைக்க என்ன இருக்கிறது. என் பெஞ்சில் இருந்த பெண்களுக்கெல்லாம் வளைவைப் பற்றிப் பாடம் நடத்தினேன். "காலைப் பாருங்க, முன்சக்கரத்தைப் பாருங்க" என்றேன். நம் தெருக்கோடி அடைக்கலமேரி, "ஐய, தானா வழுக்கிக்கினு போவலியா? வோணும்னேதான் வழுக்க வுடறானா லூர்து?" என்று வாயைப் பிளந்தாள். அடுத்த வளைவில் அவளே கை தட்டினாள். பாடம் ஏறுகிறது, இனி கூட்டம் நிற்கும், மைதானம் பிழைக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நீ விழுந்தாய். எல்லாரும் எழுந்து நின்றார்கள். என் உயரம் உனக்குத் தெரியும். என் முன்னால் வெறும் முதுகுகள். பெஞ்சுமேல் ஏறப் பார்த்தேன், யாரோ இடித்துச் செருப்பு கழன்றுவிட்டது. முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கூட்டம் கத்தியது, பிறகு கை தட்டியது. அந்தக் கை தட்டலை வைத்துத்தான் நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். இடையில் இருந்த அந்த நேரத்தைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை, லூர்து.

நீ முழங்கையில் தோல் போனதோடு எழுந்தாய். சாமியாரின் பூசை பலித்தது என்று பங்கு முழுவதும் பேச்சு. ஆனால் மறுவாரம் வந்தது பங்கு மட்டுமா? தெப்பக்குளத்துப் பக்கமிருந்து வேட்டியும் குடையுமாக ஒரு பெரியவர், பேரன் பேத்திகளோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "போன வாரம் ஒரு பையன் விழுந்துட்டு எழுந்துண்டானாமே, இன்னிக்கும் விழுவானோ? ஆத்துல எல்லாரும் பார்க்கணும்னு ஒரே பிடிவாதம், அழைச்சுண்டு வந்துட்டேன்" என்றார். நல்ல மனுஷர். எனக்குச் சுண்டல் கொடுத்தார். வாங்கித் தின்றேன், வேறென்ன செய்ய? அவரிடமும் காலைப் பாருங்கள், முன்சக்கரத்தைப் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், கண் மட்டும் நீ விழுந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அன்றைக்கு யாரும் விழவில்லை. நீ ஜெயித்தாய். எவ்வளவு அழகாக ஓட்டினாய்! உங்கப்பா ஏன் என்னோடு பெஞ்சில் உட்காராமல், கயிற்றோரம் நிற்கிற கூட்டத்தில் போய் நிற்கிறார் என்று நீ கேட்பாயே, அதற்குக் காரணம் இருக்கிறது. உன்னைத் தெரியாதவர் மாதிரி நின்றுகொண்டு, உன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதற்காக. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாக எனக்குச் சொல்வார், அதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பலகாரம். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நோண்டி நோண்டிக் கேட்ட பிறகு சொன்னார். பக்கத்தில் நின்றவன் வெளியே போகும்போது சிநேகிதனிடம், "இன்னா நைனா இது, ஒருத்தனும் வுழல. துட்டு தண்டம்" என்றானாம். உங்கப்பா அவனைத் திட்டவில்லை. அவன் முகத்தில் கெட்டது ஒன்றும் இல்லை, சாதாரணமாகத்தான் இருந்தான் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் பெஞ்சு மறுபடியும் காலியாகிக்கொண்டே போனது உனக்கே தெரியும். அப்போதுதானே உனக்கு இந்த யோசனை வந்தது?

உன் யோசனையைக் கேட்டதும் நேரே கொட்டகைக்குப் போய்க் கன்னியப்பனைத்தான் பிடித்தேன். அவனாவது தடுப்பான் என்று. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "வுழறதும் ஒரு வித்தைதாம்மா. வண்டியைப் படுக்க வெச்சிட்டு அப்டியே வெளிப்பக்கமா உருள்றது. தெனமும் பழகிக்கினுதான் கீது அண்ணன். நல்லாத்தான் வுழுது" என்றான். பின்னால் வருகிற வண்டிக்கு என்ன, அதிலும் பிரேக் இல்லையே என்றேன். "அவங்களாண்ட சொல்லிக்கீதும்மா, வெலகிப்பாங்க" என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பானரைத் துடைத்தான். அவன் துடைத்த துடைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கும் பயமாக இருக்கிறது. மைதானம் போனால் நீ என்ன ஆவாய் என்று அவனும்தான் பார்த்திருக்கிறான், அதனால் அவனும் வாயை மூடிக்கொள்கிறான்.

சரி, பூசை விஷயம். இந்த வாரம் முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே விழப்போகிறவனைக் காப்பாற்று என்று மாதாவிடம் எந்த முகத்தோடு கேட்பேன்? கேட்டு அதை வாசித்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் மைதானம் நிற்கும். நின்றால் அடுத்த வாரமும் நீ விழவேண்டும், அதற்கடுத்த வாரமும். கேட்காவிட்டால்? நீ எப்படியும் விழத்தான் போகிறாய், என் வேண்டுதலும் இல்லாமல். இதற்கு நடுவில் ஒரு சந்து கண்டுபிடிக்கலாம் என்று நேற்று கோயிலுக்குப் போனேன். பூசை வையுங்கள், ஆனால் பெயரை வாசிக்காதீர்கள் சாமி என்றேன். சாமியார் சிரித்துவிட்டார். "வாசிக்காட்டி என்னம்மா? திங்கட்கிழமையிலிருந்தே மணியடிக்கிற கோயில்பிள்ளைகிட்ட ஆளாளுக்கு வந்து, இந்த வாரம் லூர்துவுக்குப் பூசை இருக்கா இருக்கான்னு கேட்டுட்டுப் போறாங்க. இருக்குன்னா ரேஸ் பலமா இருக்கும்னு கணக்கு. எனக்கே ஒருதரம் வந்து பார்க்கணும்னு இருக்கு" என்றார். நான் வெளியே வந்தேன். எல்லாரும் உன்மேல் பிரியமாகத்தான் இருக்கிறார்கள், லூர்து. யாரைக் கோபித்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

இவ்வளவு எழுதியும் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பனியன், பந்தல், தண்ணீர், கன்னியப்பனின் வாய், எல்லாவற்றையும் செய், செய்து பார். ஜனங்கள் வளைவைப் பார்க்கப் பழக வருஷமாகும், எந்தப் பாடமும் அப்படித்தான். மழைக்காலம் அதுவரை காத்திருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன்னை விழாதே என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, பலம் இல்லை. அன்றைக்கு நீ எழுந்து நின்றதும் அவ்வளவு பேரும் உனக்காகக் கை தட்டினார்களே, அந்தச் சத்தத்தில் நான் அழுதுகொண்டே பெருமைப்பட்டேன். நானே அப்படியென்றால், துட்டு கொடுத்து வந்தவனை என்ன சொல்வது?

உங்கப்பா ஞாயிற்றுக்கிழமை தன் வழக்கமான இடத்தில் நிற்கமாட்டார். "இரண்டாவது வளைவாண்ட கயித்தோரமா நிக்கிறேன், கிட்டத்துல யாராவது இருக்கணும் இல்லே" என்றார், அவ்வளவுதான். நான் என் பெஞ்சில் இருப்பேன். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் காலைப் பாருங்கள், முன்சக்கரத்தைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன், கடைசி ஓட்டம் வரைக்கும். பிறகு நீ விழுவாய், எல்லாரும் எழுந்து நிற்பார்கள், நீ என் கண்ணுக்குத் தெரியமாட்டாய். அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதையாவது செய். எழுந்ததும் வண்டியைப் பார்க்காதே, கூட்டத்துக்குக் கும்பிடு போடாதே. முதல் காரியமாகக் கையை மேலே தூக்கு. அத்தனை தலைகளுக்கும் மேலே, எனக்குத் தெரிகிற மாதிரி, நல்லா உசரமாகத் தூக்கு.

அம்மா